பழைய கோர்ட் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

தமிழ்நாட்டில் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களில் இன்றும் பல ஊர்களில் கோர்ட் நடக்கிறது. தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு உத்திரம், மேலே மெட்ராஸ் டெரஸ் தளம் (மரக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட கூரை), சுற்றிலும் தாழ்வாரம். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட கட்டடத்துக்கானது. அங்கேயே கோர்ட் தொடர வேண்டும், வீடியோ விசாரணையும் நடக்க வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவர் சாட்சிக் கூண்டு வரை போக வேண்டும், கட்டடமும் நிலைக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் புதுக் கட்டட வேலையின் வரிசையை அப்படியே கொண்டுவருகிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. பூச்சு முடிந்த சுவரில் கூரைத் தண்ணீர் இறங்கும். பெயிண்ட் அடித்த பிறகு ஒயரிங்குக்காகச் சுவரை வெட்டுவார்கள். அளவுகளை உங்கள் கட்டடத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. டெண்டருக்கு முன்பே கட்டடத்தை முழுசாக அளந்து எழுதிவையுங்கள்

அறை அறையாக அளவு எடுத்து, ஒவ்வொரு சுவரையும் படம் பிடித்து, குறைகளை வரைபடத்தில் குறியுங்கள். பொதுப்பணித் துறை அலுவலகத்தில் பழைய வரைபடம் இருந்தால் தேடி எடுங்கள். எது மூலக் கட்டடம், எது பிறகு ஒட்டியது என்று அதில் தெரிந்துவிடும்.

முடிந்தால் ஒரு மழைக்காலத்தைக் கட்டடத்தோடு கழியுங்கள். கோடையில் பார்த்தால் ஈரக்கறை மட்டும்தான் தெரியும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை மழை பெய்யும்போது நின்று பார்த்தால்தான் பிடிக்க முடியும்.

விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் அந்த விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள், அப்போது அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். உடையாமல் இருந்தால் அது பழைய காயம், அடைத்தால் போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லா விரிசலுக்கும் ஒரே வேலையை எஸ்டிமேட்டில் எழுதுவது வழக்கமாக நடக்கும் தவறு.

ஃபால்ஸ் சீலிங் இருந்தால் கழற்றிப் பாருங்கள். அதற்கு மேலே பல வருட ஒழுகல் மறைந்திருக்கும். உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் முனையைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், கரையான் தின்ற மரம் பொத்தென்று ஒலிக்கும். சந்தேகமான முனைகளுக்கு எண் கொடுத்து எழுதிவையுங்கள்.

சரி, இவ்வளவு செய்தாலும் பாதி குறைகள் திறந்த பிறகுதான் தெரியும். அதனால் முழு வேலைக்கும் ஒரே தொகை பேசும் டெண்டர் இங்கே பொருந்தாது. உத்திர முனை மாற்றுவது, கலகலத்த செங்கலை எடுத்துக் கட்டுவது போன்றவற்றுக்கு உத்தேச அளவும் தனித்தனி விலையும் வையுங்கள். ஒரே தொகையாக இருந்தால், அழுகிய முனையைக் கண்ட ஒப்பந்ததாரருக்கு அதை மூடிவிடத்தான் தோன்றும்.

2. யாரிடம் அனுமதி, எந்த வரிசையில்

மாவட்ட நீதிமன்றக் கட்டட வேலைக்கு மாவட்ட நீதிபதி, உயர் நீதிமன்றம், பொதுப்பணித் துறை மூவரும் சம்மதிக்க வேண்டும். சென்னையில் மரபுக் கட்டடப் பட்டியலில் இருந்தால் சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழுவிடமும் போக வேண்டும்.

பலர் மறப்பது ஒன்று. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து 100 மீட்டருக்குள் பழுதுபார்க்கவும், அடுத்த 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவும் தனி அனுமதி தேவை. கோட்டை, கோயில், பழைய கல்லறை பக்கத்தில் கோர்ட் இருக்கும் ஊர்களில் இது சாதாரணம். லிஃப்டுக்கு அடித்தளம் தோண்டிய பிறகு இது தெரிந்தால் வேலை நின்றுவிடும்.

வக்கீல் சங்கத்தோடும் குமாஸ்தாக்களோடும் ஆரம்பத்திலேயே பேசுங்கள். எந்தத் தாழ்வாரத்தில் கூட்டம் சேரும், எந்தக் கதவு காலையில் திறக்கவே திறக்காது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

3. எந்த அறைக்கு எந்த வேலை என்று முடிவெடுங்கள்

இது கட்டடத்தை அளந்த பிறகு வரவேண்டிய படி. நமக்குத் தேவையானதைப் பட்டியல் போட்டுக் கட்டடத்தில் திணித்தால் சுவரை இடிக்க நேரும். எந்த அறை எதைத் தாங்கும் என்று பார்த்து வேலையை ஒதுக்கினால் பெரும்பாலும் ஒரு சுவரைக்கூடத் தொட வேண்டியதில்லை.

முதலில் மூன்று பாதைகளைப் பிரியுங்கள்: நீதிபதிகள், காவலில் இருந்து அழைத்து வரப்படுகிறவர்கள், பொதுமக்கள். மூவரும் ஒரே நடையில் கலக்கக் கூடாது. பழைய கட்டடங்களில் பின் தாழ்வாரம் நீதிபதிகளுக்கும், முன் தாழ்வாரம் மக்களுக்கும் இயல்பாகவே அமைந்துவிடும். காவலில் வருகிறவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு வழியைத் தேட வேண்டும்.

அடுத்தது சாட்சிகள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, சாட்சி சொல்லும் குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரை எதிர்கொள்ள நேரக் கூடாது. பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்குத் தனி மையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. இதற்குத் தனி வாசல், காத்திருக்கும் அறை, கழிப்பறை, வீடியோ இணைப்பு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். பிரதானக் கட்டடத்தில் ஓர் அறையைத் தடுத்துக் கொடுத்துவிட்டு மையம் என்று பலகை மாட்டினால், அந்தக் குழந்தை பொது நடையைக் கடந்துதான் வரும். அதே வளாகத்தில் ஒதுங்கியுள்ள ஒரு சிறு கட்டடம் இதற்கு மிகப் பொருத்தம். மற்ற எந்த அறையைத் தீர்மானிப்பதற்கும் முன்னால் இதைத் தீர்மானியுங்கள்.

மூன்றாவது ரெக்கார்டு ரூம். கட்டுக் கட்டாக அடுக்கிய காகிதத்தின் எடையைப் புதியவர்கள் நம்புவதில்லை. ஆவண அறைத் தளம் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ தாங்க வேண்டும் என்கிறது கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875. கூரை உயரத்துக்கு அடுக்கினால் அதையும் தாண்டும். நூறு வருட மரத் தளம் அதற்காகப் போட்டதல்ல. ரெக்கார்டுகளைத் தரைத்தளத்துக்கோ, வளாகத்திலேயே புதுக் கட்டடத்துக்கோ கொண்டுபோங்கள். உத்திரத் தொய்வு மேலும் கூடாமல் நிற்பதற்கு இந்த ஒரு மாற்றமே பெரிய உதவி.

தாழ்வாரத்தை அடைத்து அறையாக்கச் சொல்லி எல்லாப் பக்கமிருந்தும் கேட்பார்கள். உறுதியாக மறுத்துவிடுங்கள். கோர்ட் ஹாலுக்குள் வெயிலும் சாரலும் நேராக விழாமல் காப்பது தாழ்வாரம்தான். அதை அடைத்தால் உள்ளே காற்று நின்றுபோகும், சுவர் காயாது, பிறகு ஏசி இல்லாமல் உட்காரவே முடியாது.

4. கோர்ட்டை இடம் மாற்றுங்கள்

கோர்ட் நடந்துகொண்டிருக்கும்போதே பாதி பாதியாகச் செய்யலாம் என்ற யோசனை வரும். கூரை வேலைக்கு அது ஒத்துவராது. முட்டுக் கொடுத்த தளத்துக்குக் கீழே மக்கள் உட்காரக் கூடாது.

தற்காலிக இடம் தயாரான பிறகு வழக்குக் கட்டுகளை அங்கே மாற்றுங்கள். நிலுவை வழக்குகள், முடிந்த வழக்குகள், நிரந்தரமாக வைக்க வேண்டியவை என்று பிரித்து, அலமாரி எண்ணோடு பட்டியலிட்டு, சிரஸ்தாரின் (நீதிமன்றத் தலைமை எழுத்தர்) கையெழுத்தோடு நகர்த்த வேண்டும். வழக்குச் சொத்துகள் வைத்திருக்கும் அறையைத் தனியாக, நீதிமன்ற ஊழியர் முன்னிலையில் மட்டுமே திறக்க வேண்டும். அதில் ஆயுதமும் இருக்கும், ரசாயனமும் இருக்கும். அதைத் தொட வேலையாட்களுக்கு அதிகாரம் கிடையாது. ஒரு கட்டு தொலைந்தால் ஒரு குடும்பத்தின் நிலமோ ஒருவரின் விடுதலையோ தள்ளிப்போகும். இந்தப் படிக்குப் போதுமான நாள் ஒதுக்குங்கள்.

பழைய மேசை, சாட்சிக் கூண்டு, சுவர்க் கடிகாரம், நாற்காலி ஆகியவற்றுக்கும் எண் போட்டுப் படம் பிடித்துப் பூட்டிவையுங்கள். வேலை நடக்கும் இடத்தில் விட்டால் தேக்குச் சாமான் சாரத்துக்கு முட்டாகிவிடும்.

5. சுண்ணாம்பையும் கொத்தனாரையும் முதலிலேயே தயார் செய்யுங்கள்

சுண்ணாம்பு இன்று வாங்கி நாளை பூசும் பொருள் இல்லை. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டுத் தாளித்து (நீற்றி), சல்லடையில் வடித்து, சில வாரமாவது தண்ணீருக்கு அடியிலேயே வைத்திருக்க வேண்டும். சரியாகத் தாளிக்காத துகள் கலவையில் இருந்தால், பூசிய பிறகு சுவருக்குள் ஈரத்தை இழுத்து விரிந்து, பொட்டுப் பொட்டாகப் பூச்சைத் தள்ளிவிடும். அதனால் டெண்டர் முடிந்ததும் முதல் வேலையாகத் தொட்டி கட்டச் சொல்லுங்கள்.

கலவையை அரவையில் அரைக்க வேண்டும். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது கலவை இளக்கமாக வேலை செய்யவும், சுருங்கி வெடிக்காமல் இருக்கவும். அளவை அனுபவமுள்ள கொத்தனாரே சொல்லட்டும். அதிகமானால் பூச்சு இறுகத் தாமதமாகும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர் ஒரு மறைவான சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரிப் பூச்சு செய்து காட்டட்டும். சில வாரம் கழித்துத் தட்டிப் பாருங்கள், நகத்தால் கீறிப் பாருங்கள். அது தேறினால்தான் மற்ற சுவர்கள்.

6. மழைத் தண்ணீர் போகும் வழியைச் சரிசெய்யுங்கள்

பூச்சுக்கும் முன்னால், கூரைக்கும் முன்னால், கட்டடத்தைச் சுற்றிய தரையைப் பாருங்கள். வருடக்கணக்கில் மண்ணும் கான்கிரீட்டும் கொட்டிக் கொட்டி வெளித்தரை உயர்ந்து, பேஸ்மட்டத்தின் பாதியை மூடியிருக்கும். உள்தரைக்குச் சமமாக வெளித்தரை இருந்தால் எந்த மருந்து பூசினாலும் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். பழைய மட்டம் தெரியும்வரை தோண்டி இறக்கி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள்.

ஏசி வடிகால் குழாய்களைத் தேடுங்கள். கோர்ட் வளாகங்களில் சுவர் கெட்டுப்போக நான் அடிக்கடி பார்க்கும் காரணம் மழை கூட இல்லை, வருடம் முழுக்கச் சொட்டும் ஏசித் தண்ணீர்தான். அதற்கு ஒரு குழாய் போட்டுத் தரைவரை இறக்கினால் பாதிப் பிரச்சினை அன்றே நிற்கும்.

கைப்பிடிச்சுவரிலும் தூம்பு (மாடித் தண்ணீர் வெளியேறும் குழாய்) ஓரத்திலும் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் சுவருக்குள் ஓடியிருக்கும், பிடுங்கினால் செங்கலோடு வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் மருந்து வைத்து, வேர் செத்த பிறகு அந்த இடத்தை மட்டும் பிரித்துக் கட்டுங்கள்.

7. கூரை

நேரமும் பணமும் அதிகம் போகவேண்டிய இடம் இது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை இருக்கும். மழை முடிந்ததும் ஜனவரியில் கூரையைத் திறந்து, கோடைவெயில் உச்சத்துக்குப் போகும் முன்னால் மேல்தளத்தை மூடிவிடும்படி திட்டமிடுங்கள். நிதி ஒப்புதல் தாமதமாகி ஆகஸ்டில்தான் வேலை தொடங்குகிறது என்றால், அந்த வருடம் கூரையைத் திறக்க வேண்டாம். சுவரடி வேலையையும் கதவு ஜன்னல் வேலையையும் முதலில் எடுங்கள்.

மெட்ராஸ் டெரஸின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். உத்திரத்தின் மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களை ஓரம் நிறுத்தி, சாய்வு வரிசையில் சுண்ணாம்புக் கலவையில் பிடித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட், கடைசியில் தட்டோடு (தட்டையான ஓடு). ஒவ்வொரு அடுக்கும் கீழுள்ளதைச் சார்ந்தே நிற்கிறது.

அடுத்தடுத்து ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் மேலேயே ஒரு அடுக்குப் போடுவது நடைமுறையாக இருந்திருக்கிறது. தட்டோட்டுக்கு மேல் சிமென்ட், அதற்கு மேல் இன்னொரு ஓடு. இந்தச் சுமையை எடுப்பதுதான் முதல் வேலை. கீழே முட்டுக் கொடுத்த பிறகே எடுக்கத் தொடங்குங்கள். இரண்டு பக்கத்தையும் சமமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரே மூலையில் இடிபாட்டைக் குவிக்காதீர்கள். இயந்திர உடைப்பான் வேண்டவே வேண்டாம், அந்த அதிர்வில் கீழேயுள்ள செங்கல் அடுக்கு பிடியை விட்டுவிடும்.

கட்டைகள் தெரிந்ததும் முனைகளைப் பாருங்கள். நடுப்பகுதி நன்றாக இருந்து, சுவருக்குள் இருக்கும் ஒரு முழம் மட்டும் அழுகியிருப்பதே வழக்கம். அதற்காக முழுக் கட்டையையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. அழுகிய பகுதியை வெட்டி, பழைய தேக்கையே ஒட்டி, இருபுறமும் இரும்புத் தகடு கொடுத்துப் போல்ட் போடலாம். கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் போட்டுத் தரட்டும். முனை சுவருக்குள் போகும் இடத்தில் காற்று புக இடைவெளி விடுங்கள். சிமென்ட் வைத்து இறுக்கி அடைத்தால் ஈரம் அங்கேயே தங்கி, புது மரமும் அதே வழியில் போகும்.

ஜல்லிக் கான்கிரீட்டைச் சுமார் 10 சென்டிமீட்டர் போட்டு, மரக்கட்டையால் அடித்து 7.5 சென்டிமீட்டருக்கு இறக்குவார்கள். மூன்று நாள்வரை, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, வரிசையாக உட்கார்ந்து அடிக்க வேண்டும். இந்த அடியில்தான் கான்கிரீட் நெருங்கித் தண்ணீர் இறங்காத தளமாகிறது. ஆள் குறைத்து ஒரே நாளில் முடித்த தளங்கள் அடுத்த மழைக்கே ஒழுகுவதைப் பார்க்கலாம். அந்த மூன்று நாளும் பொறியாளர் மாடியில் இருக்க வேண்டும்.

தூம்பு வாய்க்குச் சரிவு சரியா என்று தட்டோடு பதிக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பதித்த பிறகு கண்டுபிடித்தால் உடைக்க வேண்டும்.

8. சுவர்

கூரை மூடி, தண்ணீர் வழி சரியான பிறகே சுவர். முதலில் பிற்காலத்தில் பூசிய சிமென்ட்டை உளியால் எடுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குள் வரும் ஈரம் பூச்சு வழியாக வெளியே ஆவியாகப் போக வேண்டும். சிமென்ட் அதைத் தடுக்கும். ஈரம் மேலே மேலே ஏறி, உப்புப் பூத்து, சிமென்ட் இல்லாத இடத்தில் செங்கலையே அரிக்கும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

சிமென்ட் எடுத்த சுவரை உடனே பூசாதீர்கள். காயவிடுங்கள். மேலே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

பூச்சை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கால் மூடிவையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மெல்ல மெல்லக் கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும். ஏப்ரல் மே வெயிலில் நேரடியாகக் காய்ந்தால் மாவாக உதிரும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள்.

கதவு, ஜன்னல், தரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயிண்டைச் சுரண்டிப் பழுதுபாருங்கள், மாற்றாதீர்கள். பழைய தரைக்கல்லின் மேல் வழுவழு டைல்ஸ் ஒட்டாதீர்கள். மழை நாளில் வழுக்கும், தரையின் ஈரமும் சுவருக்குத் திரும்பும்.

9. மின்சாரம், நெட்வொர்க், ஏசி

இதைச் செய்வது கடைசியில், ஆனால் வரைய வேண்டியது மூன்றாம் படியிலேயே. எந்தக் கம்பி எங்கே போகும் என்று தெரிந்தால்தான் பூச்சு வேலையின்போது அதற்கு இடம் விட முடியும்.

சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலை நினைத்துக்கொள்ளுங்கள். 2012 ஜனவரியில் அங்கே பிடித்த தீயில் கூரை சரிந்தது. அதை மீட்டெடுத்து, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்க முடிந்திருக்கிறது என்பது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் மரக் கூரையும் காகிதமும் சேர்ந்த கட்டடத்தில் தீயை எவ்வளவு முன்னதாகக் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. புகை உணர்கருவி ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழே மட்டும் போதாது, மரக் கூரையின் மட்டத்திலும் வேண்டும்.

பழைய ஒயரை முழுவதும் கழற்றிவிடுங்கள். கொஞ்சம் பழையது, கொஞ்சம் புதியது என்று கலப்பது ஆபத்து. சுவரில் காடி வெட்டிக் குழாய் புதைக்காதீர்கள். சுவரோரமாக வெளியே தெரியும் குழாயில், பின்னால் எடுத்து மாற்றும்படி கொண்டுபோங்கள். கணினியும் வீடியோக் கருவிகளும் பத்து வருடத்துக்குள் மாறும், சுவர் மாறாது. யுபிஎஸ் பேட்டரிகளை ரெக்கார்டு ரூமுக்கோ மரத் தளத்துக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள். ஏசியின் வெளிப்பெட்டிகளை முகப்பிலிருந்து விலக்கி, தரையில் தனி மேடையில் வையுங்கள்.

கோர்ட் ஹாலில் ஒலியை மறக்கிறார்கள். உயரமான கூரையும் வெறும் சுவரும் பேச்சைத் திருப்பித் திருப்பி எதிரொலிக்கும். வீடியோவில் அந்தப் பக்கம் இருக்கும் சாட்சிக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஒலிபெருக்கியைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ஒவ்வொருவருக்கும் வாய்க்கு அருகில் மைக், ஒலியை உறிஞ்சும் பலகைகளைச் சுவரில் ஒட்டாமல் சட்டத்தில் நிறுத்துவது, கனத்த திரை ஆகியவற்றை முதலில் செய்து பாருங்கள்.

10. எல்லாரும் உள்ளே வர வழி

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நீதி பெறுவதற்கான அணுகலை 12-ஆம் பிரிவில் தனியாகச் சொல்கிறது. வாசலில் ஒரு சாய்தளத்தோடு அது முடிவதில்லை. 1-க்கு 12 (1 உயரத்துக்கு 12 நீளம்) என்பதைவிடச் செங்குத்தாகச் சாய்தளம் இருக்கக் கூடாது. பேஸ்மட்டம் 90 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்வு மட்டும் கிட்டத்தட்ட 11 மீட்டர், நடுவில் நிற்கும் மேடை தனி. அதனால் முகப்பில் இடிக்காமல் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் இடம் பாருங்கள்.

சக்கர நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து வாசலிலிருந்து ஹால், சாட்சிக் கூண்டு, கழிப்பறை, ஃபைலிங் கவுன்டர் வரை போகச் சொல்லுங்கள். எங்கே நின்றுவிடுகிறாரோ அங்கே வேலை பாக்கி. படியேற முடியாத வக்கீலும் நீதிபதியும் இருப்பார்கள் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

லிஃப்ட் தேவைப்பட்டால் கட்டடத்துக்கு வெளியே தனித் தூணில், பழைய சுவரைத் தொடாமல் நிறுத்தி, ஏற்கெனவே இருக்கும் கதவு வழியாக இணையுங்கள். பழைய அடித்தளத்தின் பக்கத்திலேயே ஆழமாகத் தோண்டினால் சுவர் இறங்கும்.

11. ஒப்படைப்பு

கட்டுகளைத் திரும்பக் கொண்டுவரும் முன்னால் ஒரு நல்ல மழையைக் கட்டடம் தாண்டட்டும். ஒழுகினால் ஒப்பந்ததாரர் இருக்கும்போதே தெரியும்.

நீதிமன்றச் சாமான்களைக் கவனிக்கும் நாஜரிடமும் பொதுப்பணித் துறைப் பிரிவு அலுவலகத்திடமும் ஒரு சிறு கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். செப்டம்பரில் தூம்புகளைச் சுத்தம் செய்ய வேண்டும், மாடியில் பழைய மேசை நாற்காலி குவிக்கக் கூடாது, சுவரில் சிமென்ட் தொடக் கூடாது, புது ஏசி மாட்ட யாரைக் கேட்க வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். வரைபடத்தின் நகலும், மிச்சமான டெரஸ் செங்கலும் தட்டோடும் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பும் அதோடு சேர வேண்டும். சுண்ணாம்பு வேலை செய்த கொத்தனாரின் தொடர்பு எண்ணையும் அவருடைய சம்மதத்தோடு அதில் எழுதிவையுங்கள்.